கர்ப்பிணியின் கையில் கொடுத்தனுப்பிய கடிதங்கள்

பல் மருத்துவத்தில் புதிதாக இறங்கியிருக்கும் நீங்கள் என்னை எழுதச் சொன்னபோது, இருபத்தெட்டு வருஷம் கேளம்பாக்கத்தில் கிளினிக் நடத்தியவன் எதையாவது சாதித்திருப்பான் என்று நினைத்திருப்பீர்கள். நான் சாதித்தது இடுப்பு வலி. அதுவும் இரண்டு பக்கமும். வலது தோள் மழைக்காலத்தில் தனியாகப் பேசும். கல்யாண வீட்டில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் எனக்கு அவர்களுடைய சந்தோஷம் தெரிவதில்லை, மேல்வரிசையில் இடப்பக்கம் நாலாவதுதான் தெரிகிறது. என் மனைவி தொடையில் கிள்ளுவாள். இதுதான் ஓய்வு.

வெற்றிக் கதைகளை எழுத உங்கள் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார்கள். நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். அது கையால் செய்த தப்பு அல்ல. கை சும்மாதான் இருந்தது. தப்பே அதுதான்.

ஜெரினா என்னிடம் முதலில் வந்தது தொண்ணூறுகளின் பின்பாதியில். கோவளத்தில் மீன்வலை, நைலான் கயிறு, படகு எஞ்சின் சாமான் விற்கும் காதர் பாயின் மனைவி. கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. சென்னையில் ஒரு மருத்துவரிடம் அதற்கான சிகிச்சை ஆரம்பித்திருந்தார்கள். மாமியாரோடு வந்திருந்தாள். கீழ்வரிசையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லில் குழி. ஜில்லென்று எதையாவது குடித்தால் கூசுகிறது என்றாள். மூன்று தடவை வந்தால் முடிந்துவிடும் வேலை. சொன்னேன்.

மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "இப்ப வேணாங்க டாக்டரு. மெட்ராசுல ஊசி போட்டுக்கினு கீறாங்க. எந்த நாளுல இன்னா ஊசின்னு சீட்டுல எழுதிக் குடுத்துக்கீறாங்க. நடுவுல நீங்க ஒண்ணு போட்டு, அது போயி இதோட முட்டிக்கிச்சின்னா?"

உடம்புக்குள் போன ஊசிமருந்துகள் முட்டிக்கொள்வதற்கு அவை பஸ் ஸ்டாண்டு ஷேர் ஆட்டோக்கள் அல்ல. இதை விளக்க ஐந்து நிமிஷம் போதும். சென்னை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஊசி இல்லாத ஒரு வாரத்தில் வேலையை முடித்திருக்கலாம். ஆனால் அப்போது மணி ஒன்றே முக்கால். வீட்டில் வத்தக்குழம்பு. "சரிம்மா, நல்ல சேதி வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். மாமியார் என்னை நல்ல மனுஷன் என்றார். பசித்த வேளையில் நான் எப்போதுமே நல்ல மனுஷன்தான்.

இதை மட்டும் நீங்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளலாம். குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் பெண் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால், வாயில் இருக்கும் எல்லா வேலையையும் அப்போதே முடித்துவிடுங்கள். அவளுக்கு அதைவிடத் தோதான காலம் வராது. நல்ல சேதி வந்தபிறகு வாந்தி வரும், ஈறு வீங்கும், சொந்தக்காரர்கள் வருவார்கள், பயம் வரும். அந்தப் பயம் முதலில் தொற்றிக்கொள்வது உங்களைத்தான்.

எட்டு மாதம் கழித்து நல்ல சேதி வந்தது. காதர் பாய் ஒரு டப்பா அல்வாவோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். பல் மருத்துவனுக்கு அல்வா. அந்த மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். பல்லின் சேதி ஆறாம் மாதக் கடைசியில் வந்தது. குழி உள்ளே போய், வேரில் சீழ் கட்டிவிட்டது. தாடையோரம் லேசாக உப்பியிருந்தது. இனி அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியாது. எடுத்துவிட வேண்டியதுதான்.

ஆறாம் மாதம் அதற்கு நல்ல காலம் என்று நான் படித்திருந்தேன். மரப்பு ஊசி போடலாம் என்றும் படித்திருந்தேன். சீழை உள்ளே விட்டுவைப்பதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்பதும் தெரியும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நல்ல மார்க் வாங்கியவன் நான். ஆனால் பரீட்சைத் தாளுக்கு மாமியார் கிடையாது.

இன்னொன்றும் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் வேறொரு ஊரில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் ஒரு கர்ப்பிணிக்குப் பல் எடுத்தான். நாலு நாள் கழித்து அவளுக்குக் கரு கலைந்தது. அதற்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லை என்று அவளுடைய மருத்துவரே சொன்னார். ஆனால் அவர் சொல்லி முடிப்பதற்குள் நண்பனின் கிளினிக் கண்ணாடி உடைந்துவிட்டது. ஊரை விட்டே போனான். என் கிளினிக்கிலும் கண்ணாடிக் கதவுதான். தினமும் காலையில் அதைத் திறக்கும்போது அவன் ஞாபகம் வரும்.

அதனால் நான் கத்தியை எடுக்கவில்லை, பேனாவை எடுத்தேன்.

ஜெரினாவின் தாய்வீடு செங்கல்பட்டில். பிரசவம் அங்கேயுள்ள ஒரு நர்சிங் ஹோமில் என்று முடிவாகியிருந்தது. அங்கே இருந்த மகப்பேறு மருத்துவர் என்னைவிடப் பத்து வயது மூத்த அம்மாள். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேரை உலகத்துக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்வார்கள். கோபக்காரர் என்றும் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. என் லெட்டர்பேடில் இங்கிலீஷில் எழுதினேன்: "இவர் ஆறு மாதக் கர்ப்பிணி. கீழ்த்தாடைப் பல்லில் சீழ். பல்லை எடுப்பது குறித்துத் தங்கள் மேலான கருத்தைக் கோருகிறேன்." உறையிலிட்டு ஒட்டி ஜெரினா கையில் கொடுத்தேன். கூடவே கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடிய மாத்திரையும் கொடுத்தேன்.

அவள் கேளம்பாக்கத்தில் பஸ் ஏறி, திருப்போரூரில் மாறி, செங்கல்பட்டுக்குப் போய்ப் பதில் வாங்கி வந்தாள். "மகப்பேறு நோக்கில் ஆட்சேபணை இல்லை. எனினும் முடிந்தால் பிரசவம் வரை தள்ளிப்போடவும்."

முன்வரி போ என்கிறது, பின்வரி நில் என்கிறது. எனக்குப் பின்வரிதான் பிடித்திருந்தது. மாத்திரையில் வீக்கமும் கொஞ்சம் வடிந்திருந்தது. தள்ளிப்போட்டேன்.

பத்து நாளில் வீக்கம் திரும்பியது. மரப்பு ஊசி போட அனுமதி கோரி இரண்டாவது கடிதம் எழுதினேன். பதில்: "அதைப் பல் மருத்துவரே முடிவு செய்யலாம். வேண்டுமானால் பொது மருத்துவரின் கருத்தையும் பெறவும்." பொது மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் பாவம், தனக்கும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிவிட்டு, "மகப்பேறு மருத்துவரின் ஒப்புதலுக்கு உட்பட்டு" என்று ஒரு வால் ஒட்டியிருந்தார். மூன்றாவது கடிதம் எழுதினேன்: "தாங்கள் எழுத்துமூலம் உறுதிசெய்தால் நலம்." அதற்கு வந்த பதில் ஒரே வரி: "முன்னரே எழுதியபடி. நன்றி."

ஒரு பட்டா மாறுதலுக்குத் தாலுகா ஆபீசில் கோப்பு இப்படித்தான் மேஜைக்கு மேஜை நகரும். அங்கே கோப்பைத் தூக்கிக்கொண்டு நடக்க ஒரு ப்யூன் உண்டு, அவருக்குச் சம்பளமும் உண்டு. எங்கள் கோப்பை ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி தூக்கிக்கொண்டு நடந்தாள், வைகாசி வெயிலில், வீங்கிய தாடையோடு. இது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. நான் ரொம்பப் பொறுப்பாக நடந்துகொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாக் கடிதத்துக்கும் நகல் வைத்திருந்தேன் என்றால் பாருங்கள்.

ஏழாம் மாதம் முடிகிற சமயம், ஒரு திங்கட்கிழமை காலை, ஜெரினா தனியாக வந்தாள். துப்பட்டாவால் முகத்தின் வலப்பக்கத்தை மூடியிருந்தாள். துணியை விலக்கியதும் நான் பார்த்தது: தாடை எலும்பின் விளிம்பே தெரியவில்லை. வீக்கம் கீழே கழுத்துப் பக்கம் இறங்க ஆரம்பித்திருந்தது. தொட்டால் சூடு. வாயைத் திறக்கச் சொன்னேன். என் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை.

இப்போது நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? லெட்டர்பேடை எடுத்தேன். தேதிகூடப் போட்டுவிட்டேன்.

செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வி என் கிளினிக்கின் நர்ஸ், ரிசப்ஷனிஸ்ட், சில நாட்களில் நீதிபதி. நாற்பது வயசு. எனக்குப் பயப்படாத ஊழியர் வேண்டும் என்று நான் விளம்பரம் கொடுக்கவில்லை, ஆனாலும் கிடைத்தாள்.

"இன்னா டாக்டரே, இன்னொரு கடுதாசியா?" என்றாள். "மொதல்ல அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாருங்க. நீங்க பாட்டுக்கு எழுதிக்கினே கீறீங்க. இது வாய்க்குள்ள போயி அந்தச் சீழுகிட்ட சொல்லுமா, டாக்டரு லெட்டரு போட்டுக்கீறாரு, கொஞ்சம் இருன்னு?"

"செல்வி, சும்மா இரு."

"நான் சும்மாதான் கீறேன். நீங்களும் சும்மாதான் கீறீங்க. அதான் பேஜாரே."

ஜெரினா ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து கடிதங்களை எடுத்தாள். பதிலோடு திரும்பி வந்த என்னுடையவை, செங்கல்பட்டு டாக்டருடையவை, பொது மருத்துவருடையது. ஒட்டியிருந்த உறைகள் எல்லாம் பிரிந்திருந்தன. மேஜைமேல் வரிசையாக வைத்தாள். பல்லைக் கடித்தபடியேதான் அவளால் பேச முடிந்தது. ஒவ்வொரு வார்த்தையும் நசுங்கி வெளியே வந்தது.

"நான் ப்ளஸ் டூ சார். இங்கிலீஷ் படிப்பேன். எல்லாத்தையும் பஸ்ல படிச்சிட்டேன். கோவிச்சுக்காதீங்க."

"இல்லம்மா..."

"நீங்க அவங்களுக்கு மரியாத குடுத்துக்கினு இருக்கீங்க. அவங்க உங்களுக்குக் குடுக்குறாங்க. ரெண்டு பேரும் வேணான்னு சொல்லல. ரெண்டு பேரும் செய்யவும் இல்ல." எச்சில் விழுங்குவதற்காக நிறுத்தினாள். விழுங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. "ராத்திரில்லாம் புள்ள கம்மியா ஆடுற மாதிரி கீது சார். ஒன்பது வருஷம் கழிச்சு வந்த புள்ள. எனக்கு அது வேணும். அதுக்கு நானும் வேணும்ல?"

நான் பேனாவை மூடினேன். வீரத்தில் அல்ல. எழுத எதுவும் இல்லை.

ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னேன். சிரமப்பட்டு, ஆனால் விழுங்கினாள். நாக்குக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். இன்னும் மெத்தென்றுதான் இருந்தது. அது கல்லாகி நாக்கைத் தூக்கிவிட்டால் பிறகு மூச்சுக்குழாய்தான். அப்படி ஆகிவிட்டால் என் கிளினிக்கில் எதையும் தொடக்கூடாது. இன்றைக்குத் தொடலாம். நாளைக்கு நிச்சயமில்லை. இந்தக் கணக்கு எனக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. வெட்கம் என்னவென்றால், மூன்று வாரமாகவே எனக்கு இதே கணக்கு தெரியும்.

"செங்கல்பட்டுக்குப் போன் போடு" என்றேன்.

செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த நர்சிங் ஹோம் நம்பர் ஜெரினாவின் ஒவ்வொரு சீட்டின் தலையிலும் அச்சடித்திருந்தது. என் மேஜைமேலேயே போன் இருந்தது. மூன்று வாரத்தில் ஒருமுறைகூட நான் அதைத் தொடவில்லை. ஏன்? பெரிய டாக்டரம்மா, வேலையாக இருப்பார், சிடுசிடுப்பார், "இதுகூடத் தெரியாதா" என்பார். ஒரு கர்ப்பிணியை மூன்று தடவை பஸ்ஸில் அனுப்பலாம், ஆனால் நான் ஒரு தடவை திட்டு வாங்கக்கூடாது. எழுதிப் பார்த்தால் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

ரொம்ப நேரம் கழித்து அந்தப் பக்கம் ஒரு குரல் வந்தது. கோபக்காரக் குரல் இல்லை. தொண்டை கட்டிய, தூங்காத குரல்.

"யாரு?"

பெயரையும் ஊரையும் சொன்னேன்.

"ஓ, லெட்டர் டாக்டரா? சொல்லுங்க."

நிலைமையைச் சொன்னேன். மூன்றே கேள்வி கேட்டார். விழுங்குகிறாளா, காய்ச்சல் எவ்வளவு, பிள்ளை ஆடுகிறதா. சொன்னேன்.

"ஏன் சார் இவ்ளோ நாள் விட்டீங்க? நான்தான் மொதல் லெட்டர்லயே ஆட்சேபணை இல்லைன்னு எழுதினேனே?"

"முடிந்தால் பிரசவம் வரை தள்ளிப்போடவும்னும் எழுதியிருந்தீங்க மேடம்."

"அதா..." ஒரு பெருமூச்சு கேட்டது. "அது நான் எல்லாருக்கும் எழுதுறது சார். பல்லு, கண்ணு, காது, எது கேட்டாலும் அந்த வரிய எழுதிடுவேன். கை தானா எழுதும். நீங்க திரும்பத் திரும்பக் கேக்கவும், இந்த ஆளு செய்யப் பயப்படுறாரு, என் தலையில கட்டப் பாக்குறாருன்னு நெனச்சேன்."

"பயந்தது உண்மைதான் மேடம்."

"நானுந்தான்" என்றார். "ஒன்பது வருஷம் கழிச்சு உண்டான கேஸ். யாருக்குத்தான் தொடப் பயமில்ல?"

பிறகு இரண்டு பேரும் மருத்துவர்களாகப் பேசினோம், நாலு நிமிஷம். அங்கே அனுப்பலாமா என்று கேட்டேன். வண்டி பிடித்து அங்கே சேர ஒன்றரை மணி நேரமாகும், அங்கே பல் எடுக்க ஆள் வரவேண்டும், அதற்குள் சாயங்காலம் ஆகிவிடும் என்றார். "விழுங்குறான்னா இப்பவே சீழ வெளிய விட்டுடுங்க. பல்ல எடுத்துட்டு நேரா இங்க கூட்டிட்டு வாங்க, பெட் போட்டு வைக்கிறேன். நான் சொன்னேன்னு நீங்க எழுதிக்குங்க. நீங்க செஞ்சீங்கன்னு நான் எழுதிக்கிறேன். ஒருவேள விழுங்கல, மூச்சு வாங்குதுன்னா ஒண்ணும் செய்யாதீங்க, ஓடி வாங்க."

நாலு நிமிஷம். நான் மூன்று வாரத்தில் எழுதிய எல்லாவற்றையும்விட அதில் விஷயம் அதிகம்.

நான் வைத்ததும் செல்வி காதர் பாயின் கடைக்குப் போன் போட்டாள். அவர் மொபெட்டில் வந்து சேர்ந்தார். யாருக்கோ கொண்டுபோக வேண்டிய நைலான் வலைச் சுருள் ஒன்று வண்டியின் முன்னால் அப்படியே இருந்தது. பின்னாலேயே ஆட்டோவில் மாமியார் வந்தார். கதவைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"புள்ளத்தாச்சிக்குப் பல்லு புடுங்குவாங்களா எங்கனா? உள்ள கீற ரத்தமெல்லாம் பல்லு வழியா போயிடும்னு எங்க ஊட்டுல சொல்லுவாங்க. இத்தினி வருசம் ஏறாத ஆஸ்பத்திரி இல்ல, போவாத தர்கா இல்ல. எதுனா ஒண்ணு ஆச்சின்னா யாரு டாக்டரே பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி. அத்தனை கடிதத்திலும் நாங்கள் தவிர்த்து வந்த கேள்வியே அதுதான்.

"நான்தான் சொல்லணும், மாமி" என்றேன். கதவுக் கண்ணாடியை ஒருமுறை பார்த்துக்கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. "பல்ல எடுத்தா ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். எடுக்காம விட்டா ஆபத்துன்னு மட்டும் சத்தியம் பண்றேன். இத மூணு வாரம் முன்னாடியே செஞ்சிருக்கணும். செய்யாதது என் தப்பு."

மாமியார் என் முகத்தையே பார்த்தார். ஒரு டாக்டர் தன் தப்பு என்று சொல்லி அவர் அதற்குமுன் கேட்டிருக்கமாட்டார். நானும் சொல்லிக் கேட்டதில்லை. காதர் பாய், "செய்ங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். ஜெரினா கையை நீட்டினாள். "மாமி, நீங்க என்னப் புடிச்சிக்குங்க. அது போதும்."

ஏழு மாத வயிற்றோடு மல்லாந்து படுத்தால் தலை சுற்றும், ரத்த ஓட்டம் தடைபடும். இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்துவைக்க வலது இடுப்புக்குக் கீழே ஏதாவது முட்டு வேண்டும். என் கிளினிக்கில் தலையணை இல்லை. பல் மருத்துவனிடம் யாரும் தூங்க வருவதில்லையே. செல்வி வெளியே போய் அந்த வலைச் சுருளைத் தூக்கிவந்து, மேலே ஒரு டவலைப் போட்டுச் சரியாக முட்டுக் கொடுத்தாள். அந்த வலையை வாங்கியவர் அப்புறம் எத்தனை மீன் பிடித்தாரோ தெரியாது. எங்களுக்கு அது நன்றாகவே உதவியது.

எப்படி எடுத்தேன் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, நீங்கள் என்னைவிட நன்றாக எடுப்பீர்கள். ஊசியைக் கையில் எடுத்தபோது ஜெரினா என் கையைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க சார்" என்றாள். என் வாழ்நாளில் ஒரு நோயாளி எனக்கு ஆறுதல் சொன்னது அன்றைக்குத்தான். சீழ் வெளியே வந்தபோது அறை முழுக்க அந்த நாற்றம். அவள் தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கின. மூன்று வாரத்து வலி ஒரே மூச்சில் போவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பல் ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது.

மாமியார் ஒரு கையால் மருமகளின் கையையும் இன்னொரு கையால் அவள் வயிற்றையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். திடீரென்று கண்ணைத் திறந்தார்.

"ஆடுது! டேய் காதரு, புள்ள ஆடுதுடா!"

அப்போதுதான் காதர் பாய் சுவரிலிருந்து திரும்பினார்.

வாசலில் ஆறு பேர் காத்திருந்தார்கள். செல்வி அவர்களிடம், "டாக்டரு இன்னிக்கு இல்ல, பிரசவத்துக்குப் போறாரு" என்று அறிவித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அம்பாசிடர் டாக்ஸியில் நான் முன்சீட்டில். வழியெல்லாம் நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்து, "எச்சில் முழுங்கும்மா" என்று சொல்லிக்கொண்டே போனேன். செங்கல்பட்டு வருவதற்குள் அவள் என்னை வெறுத்திருப்பாள்.

அன்றிலிருந்து கிளினிக்கில் ஒரு பழக்கம் வந்தது. நோயாளி கையில் கடிதம் கொடுத்தனுப்புவதற்கு முன்னால் நானே அந்த மருத்துவரிடம் பேசிவிடுவேன். கடிதம் பேசியதற்கு ரசீதாக மட்டும் போகும். இரண்டாயிரத்துக்குப் பிறகு ரோட்டோரம் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் வந்தன. குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் தம்பதிகள் தடித் தடியாக ஃபைல் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஃபைலில் எல்லா உறுப்புக்கும் பரிசோதனை இருக்கும், பல்லுக்கு மட்டும் ஒரு தாள்கூட இருக்காது. அவர்களிடம் மத்தியானம் ஒன்றே முக்காலுக்கும் உட்கார்ந்து பேசக் கற்றுக்கொண்டேன். எத்தனையோ தடவை குழம்பு ஆறியது. அலுப்பாகத்தான் இருக்கும். ஒரே விஷயத்தை ஆயிரம் தடவை, ஆயிரம் மாமியார்களிடம். இந்தத் தொழிலில் அலுப்பு தீராது என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். அலுத்துப்போன பிறகும் ஆயிரத்தோராவது தடவை அதைச் சொல்லவேண்டியிருக்கும்.

பிள்ளை என்ன ஆயிற்று என்று சொல்லாமல் நான் பழக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். தள்ளிப்போடுவது எனக்குக் கைவந்த கலை.

வீக்கம் மூன்று நாளில் வடிந்தது. காய்ச்சல் விட்டது. ஆனால் ஐந்தாம் நாள் ஜெரினாவுக்கு வலி எடுத்தது. மருந்து கொடுத்து நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டு வாரம் தாக்குப்பிடித்தது, அதற்கு மேல் முடியவில்லை. நாள் ஆகும் முன்பே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. ஒரு கையில் அடங்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். எனக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. பல் மருத்துவனுக்கு ஏன் சொல்லப்போகிறார்கள்? செல்விதான் பஸ் ஸ்டாண்டில் யாரிடமோ கேட்டு வந்து சொன்னாள்.

கிளினிக்கை மூடிவிட்டுப் போனேன். வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "ஆம்பளைங்களுக்கு இப்ப டைம் இல்ல சார். நீங்க யாரு, கொழந்தைக்கு அப்பாவா?"

"இல்லீங்க. பல்லு."

அவர் என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார்.

குழந்தைகள் இருந்த அறைக்கு வெளியே ஒரு மர பெஞ்சு. அதில் மகப்பேறு மருத்துவர் உட்கார்ந்திருந்தார். போன தடவை டாக்ஸியிலிருந்து இறங்கியபோது ஸ்ட்ரெச்சர், ஊசி என்று ஒரே ஓட்டம், முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. குள்ளமான உருவம். ரப்பர் செருப்பு. கண்ணுக்குக் கீழே கறுப்பு. என்னை உட்காரச் சொன்னார்.

"முழுங்கத் தெரியல சார்" என்றார். "ட்யூப்லதான் பால் போகுது. வாயில குடுத்தா துப்பிடுது. நாலு நாளாச்சு. தானா குடிக்க ஆரம்பிச்சிட்டா பிழைச்சிடும்."

"காதர் பாய்?"

"தொழுகைக்குப் போயிருக்காரு. மாமியார் அந்தப் பொண்ணோட இருக்காங்க."

ஃபேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "மொதல் தடவை வந்தப்பவே செஞ்சிருந்தா, நாள் முழுசா நின்னிருக்குமா சார்?"

"தெரியல மேடம்."

"எனக்கும் தெரியல."

அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. பல்லால்தான் முன்கூட்டிப் பிறந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. உங்களுக்கும் இப்படி ஒரு கேள்வி வந்து சேரும். யாரும் உங்களைக் குற்றம் சொல்லமாட்டார்கள், அதனால்தான் அது போகாது.

அறைக்கதவு திறந்தது. ஒரு நர்ஸ் தலையை நீட்டினாள்.

"ஜெரினா கொழந்தைக்கு ஆளு யாரு?"

நாங்கள் இருவரும் எழுந்து நின்றுவிட்டோம்.

நர்ஸ் விழித்தாள். "நீங்க இல்ல மேடம். அவங்க வூட்டு ஆளுங்க யாருனா..."

"நாங்கதாம்மா" என்றார் டாக்டர். "சொல்லு."

"ஸ்பூன்ல குடுத்துப் பாத்தேன் மேடம். அஞ்சு மில்லி. துப்பல. முழுங்கிடிச்சு."